துகள்களுக்குப் பெயர் சூட்டிய கதை

தஞ்சைப் பகுதியில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நெல்லின் பெயர்களைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குறுகிய காலத்தில் விளைவது குறுவை. குறுவையை அறுத்த தாளை மடக்கி உழுது, அதே வயலில் மறுபடியும் நடுவது தாளடி. நீண்ட நாள் நின்று விளைவது சம்பா. இவை குணத்தையோ காலத்தையோ சொல்லும் பெயர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘ஏ.டி.டி. 27’ என்பதோ வேறு வகைப் பெயர். எங்கே பிறந்தது, வரிசையில் எத்தனையாவது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

குணத்தைச் சொல்லும் பெயர்தான் மனத்தில் நிற்கும். ஆனால் ஏமாற்றக்கூடியதும் அதுவே. மேட்டூர் அணை காலந்தாழ்ந்து திறக்கப்படும் ஆண்டுகளில் சம்பாப் பட்டத்திலேயே குறைந்த வயதுடைய நெல்லை நடுவதுண்டு. நெல் மாறிவிட்டது, ஆயினும் பெயர் ‘சம்பா சாகுபடி’தான். இதனால் உழவர் ஏமாறுவதில்லை. “என்ன பயிர்?” என்று கேட்டவர் அடுத்த மூச்சில் “எத்தனை நாள் வயது?” என்றும் கேட்டுவிடுவார். பெயருக்குப் பின்னால் வயல் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணால் காணவே முடியாத ஒன்றுக்குக் குணத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன ஆகும்? நாம் ஊகித்த குணம் பின்னால் தவறு என்று தெரிந்தால் பெயர் என்ன செய்யும்? அணுவினும் நுண்ணிய துகள்களின் வரலாற்றில் இந்தக் கேள்வி மெய்யாகவே எழுந்தது. அந்தக் கதையில் நம் நாட்டவர் சிலருக்கும் முக்கிய இடம் உண்டு.

இடைப்பட்ட துகள்

1930-களின் தொடக்கத்தில் பொருள்களின் அடிப்படையாக மூன்று துகள்கள் பேசப்பட்டன. மிக இலேசான எலெக்ட்ரான்; அதைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு நிறையுள்ள புரோட்டான்; புரோட்டானை ஒத்த நிறையும் மின்னூட்டமற்ற தன்மையும் கொண்ட நியூட்ரான். அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் எப்படிச் சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அன்றைய பெரும் புதிர்.

1935-இல் ஜப்பானிய அறிஞர் ஹிடெகி யுகாவா ஒரு விடை கூறினார். அணுக்கருவின் விசையை ஒரு புதிய துகள் சுமந்து செல்கிறது. அதன் நிறை எலெக்ட்ரானைப்போல் சுமார் 200 மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. இரண்டே ஆண்டுகளில், அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்களை மேக அறையில் ஆராய்ந்தபோது, எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள ஒரு துகளின் தடத்தைக் கண்டார்கள். கணித்த நிறைக்கும் கண்ட நிறைக்கும் பொருத்தம் இருந்தது. யுகாவா சொன்ன துகள் இதுவே என்று அறிவியலார் பலரும் மகிழ்ந்தார்கள்.

பிள்ளை பிறந்தது, பெயர் வைக்க வேண்டும். இடைப்பட்டது என்ற பொருளுடைய ‘மீசோ’ என்னும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஆண்டர்சனும் நெடர்மேயரும் ‘மீசோட்டான்’ என்று எழுதி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினர். வெளியூர் சென்றிருந்த அவர்களுடைய மூத்த பேராசிரியர் மில்லிகன் திரும்பி வந்ததும் இதை ஏற்கவில்லை. எலெக்ட்ரான், நியூட்ரான் என்பவற்றில் ‘ர’கர ஒலி இருக்கிறதே, இதிலும் வேண்டாமா என்றார். புரோட்டானில் அப்படி இல்லையே என்று ஆண்டர்சன் சொல்லிப் பார்த்தார், பயனில்லை. அந்த ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்லி இதழுக்குத் தந்தி பறந்தது. துகள் ‘மீசோட்ரான்’ ஆயிற்று. இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் ஆண்டர்சனே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்போது கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர் ஹோமி பாபாவுக்கு இந்தப் பெயர் சரியாகப்படவில்லை. நம் தமிழாசிரியர்கள் பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரித்துக் காட்டுவார்கள் அல்லவா? அதையே அவரும் செய்தார். எலெக்ட்ரான், நியூட்ரான் ஆகிய சொற்களில் ‘ட்ர்’ என்ற ஒலி அவற்றின் பகுதியிலேயே இருக்கிறது. ‘மீசோ’ என்ற பகுதியில் அது இல்லை. இல்லாததை ஏன் ஒட்ட வேண்டும்? ‘மீசான்’ என்பதே போதும் என்று 1939-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் சொல்லே இறுதியில் நிலைத்தது. இன்று உலகெங்கும் பாடநூல்களில் வழங்கும் ‘மீசான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இந்தியரின் இலக்கண நுட்பம் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘ட்ர்’ வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் வாதம் நடந்தது. ‘மீசோ’ என்ற பகுதியைப் பற்றி யாரும் ஐயுறவில்லை. நிறையைக் கொண்டு பெயர் வைப்பது சரிதானா என்று கேட்கும் தேவை அன்று எவருக்கும் தோன்றவில்லை.

ஒரு பெயருக்குள் இரு துகள்கள்

விண்ணிலிருந்து வந்த அந்தத் துகளிடம் ஒரு விந்தைக் குணம் இருந்தது. அது தடித்த ஈயத் தகட்டையும் ஊடுருவிச் செல்லும். அணுக்கருவோடு வலுவாக வினைபுரிவதற்காகவே கணிக்கப்பட்ட துகள் யுகாவாவினுடையது. அப்படிப்பட்ட துகள் வழியில் எதிர்ப்படும் அணுக்கருக்களில் சிக்கி நின்றுவிட வேண்டும். இதுவோ எதையும் பொருட்படுத்தாமல் கடந்து போயிற்று. இந்த முரண்பாடு தொடக்கத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

ஐயம் எழுப்பியவர்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் சகாட்டாவும் இனோவேயும், துகள்கள் ஒன்றல்ல, இரண்டு என்று 1942-லேயே கூறினர். ஆனால் அது உலகப்போர்க் காலம்; அவர்கள் கட்டுரை 1946-இல்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கல்கத்தாவிலும் விடைக்கு மிக அருகில் இருவர் வந்தனர். போஸ் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் தேவேந்திர மோகன் போஸும், அவரோடு பணியாற்றிய இளம் பெண் அறிவியலார் விபா சௌதுரியும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங் போன்ற மலை உச்சிகளில் மாதக்கணக்கில் வைத்து, அண்டக் கதிர்த் துகள்கள் அவற்றில் பதித்த தடங்களை ஆராய்ந்தனர். எலெக்ட்ரானைப்போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகள்களை இனங்கண்டு ‘நேச்சர்’ இதழில் கட்டுரைகள் எழுதினர். இன்னும் நுட்பமாக அளக்க உணர்திறன் மிகுந்த தகடுகள் வேண்டியிருந்தன. போர்க்காலத்தில் அவை கிடைக்கவில்லை. ஆராய்ச்சி அங்கேயே நின்றது.

1947-இல் முடிச்சு அவிழ்ந்தது. ரோம் நகரில் கான்வெர்சி, பன்சினி, பிச்சோனி என்ற மூவரும் எதிர்மின் கொண்ட மீசோட்ரான்களைக் கரிப்பொருளில் நிறுத்திப் பார்த்தார்கள். யுகாவாவின் துகளாயிருந்தால் கரியின் அணுக்கரு அதைக் கண நேரத்தில் விழுங்கியிருக்கும். அப்படி நிகழவில்லை, துகள் தன் ஆயுள் முடியும் வரை இருந்து தானாகவே சிதைந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பவல், லாட்டெஸ், ஒக்கியலினி ஆகியோரின் குழு, மேம்பட்ட ஒளிப்படத் தகடுகளில் ஒரு துகள் மற்றொரு துகளாக மாறும் தடத்தைக் கண்டது. எலெக்ட்ரானைப்போல் 273 மடங்கு நிறையுள்ளது யுகாவா சொன்ன துகள். அதற்குப் பை-மீசான் என்று பெயர். அது சிதைந்து பிறப்பது 207 மடங்கு நிறையுள்ள மற்றொன்று. அதற்கு மியூ-மீசான் என்று பெயர். ஆண்டர்சன் கண்டது இரண்டாவது துகளைத்தான். யுகாவா 1949-லும் பவல் 1950-லும் நோபல் பரிசு பெற்றார்கள்.

பத்தாண்டுக் காலம் இரு வேறு துகள்கள் ஒரே பெயருக்குள் அடைந்து கிடந்தன. பெயர் மட்டுமே இதற்குக் காரணம் என்றால் அது மிகை. போரும், போதிய கருவிகள் இல்லாமையும் பெரிய காரணங்கள். ஆயினும் பெயருக்கும் பங்கு உண்டு. ‘இடைப்பட்ட நிறையுள்ளது’ என்ற பெயர், அந்தத் துகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறையைப் பற்றியது என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது. அது எதனோடு வினைபுரிகிறது என்ற கேள்வியே முதன்மையானது என்பதை உணரக் காலம் பிடித்தது.

பெயர் தங்கியது, பொருள் நகர்ந்தது

இரு துகள்களையும் பிரித்தறிந்த பிறகும் பெயர் விடவில்லை. மியூ-மீசான் தன்மையில் எலெக்ட்ரானின் பெரிய அண்ணன். நிறை ஒன்றுதான் முக்கியமான வேறுபாடு. பை-மீசானுக்கும் அதற்கும் நிறை நெருக்கம் தவிர உறவு குறைவு. இருந்தும் நீண்ட காலம் இரண்டும் மீசான்கள் என்றே நூல்களில் எழுதப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடிப்போன தொழிலாளர்கள் ஏராளமானோர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 1950-களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் நிலத்துக்கடியில் அளந்தவை இந்த ஊடுருவும் துகள்களைத்தான். அன்று அவற்றை மியூ-மீசான் என்றார்கள். இன்று மியூவான் என்கிறோம். இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாகவும் அவை பாய்ந்துகொண்டிருக்கின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்பது தோராயக் கணக்கு.

1964-இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தனித்தனியே குவார்க் கொள்கையை முன்வைத்தார்கள். அதன் பிறகு ‘மீசான்’ என்ற சொல்லின் பொருள் அடியோடு நகர்ந்தது. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்தான் மீசான் என்றாயிற்று. நிறையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. இந்த இலக்கணப்படி, முதன்முதலில் அப்பெயரைப் பெற்ற மியூவான் மீசான் குடும்பத்திலிருந்தே விலக்கப்பட்டது! மாறாக, 1977-இல் கண்டறியப்பட்ட உப்சிலான் என்ற மீசான் புரோட்டானைவிடப் பத்து மடங்கு கனமானது. ‘இடைப்பட்டது’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு, இடையில் நிற்காத துகள் அது.

எலெக்ட்ரான், மியூவான், நியூட்ரினோ ஆகியவற்றின் குடும்பத்துக்கு 1948-இல் ‘லெப்டான்’ என்று பெயரிட்டார்கள். நுண்மையானது, இலேசானது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1975-இல் மார்ட்டின் பெர்லின் குழு டௌ என்ற புதிய லெப்டானை அறிவித்தது. அதன் நிறை புரோட்டானைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! இலேசான குடும்பத்தில் பிறந்த இந்தக் கனத்த பிள்ளையைக் குடும்பத்தை விட்டு யாரும் விலக்கவில்லை. அணுக்கருவின் வலிய விசைக்கு ஆட்படாமையே லெப்டானின் உண்மை அடையாளம் என்று அதற்குள் தெளிவாகிவிட்டது. வயது குறைந்த நெல்லும் ‘சம்பா சாகுபடி’ ஆவதைப் போன்றதுதான் இது.

ஆளின் பெயரும் எண்ணின் பெயரும்

குணத்தை வைத்துப் பெயரிட்டால் இந்தத் தொல்லை. ஆளின் பெயரை வைத்தால்? டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் ஒளித்துகள்களை எண்ணிக் கணக்கிடப் புதிய முறை ஒன்றைக் கண்டு, கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அம்முறைக்கு உட்படும் துகள்களுக்கு ‘போசான்’ என்று டிராக் பெயர் சூட்டினார். இந்தப் பெயர் துகளின் குணம் எதையும் சொல்லவில்லை. ஆகவே அது பொய்யாகவும் வழியில்லை. புதிய போசான்கள் எத்தனை வந்தாலும் பெயர் அப்படியே பொருந்துகிறது.

போசான்களுள் ஒன்றான ஹிக்ஸ் போசானுக்கு நேர்ந்தது வேறு. 1993-இல் லியான் லெடர்மேன் தம் நூலுக்குக் ‘கடவுள் துகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டார். 2012 ஜூலை 4-இல் அத்துகளின் கண்டுபிடிப்பு ஜெனீவாவில் அறிவிக்கப்பட்டபோது நம் நாளேடுகளும் ‘கடவுள் துகள்’ என்றே எழுதின. கடவுள் உண்டா, இல்லையா என்று திண்ணைகளில் வாதம் நடந்தது. அடிப்படைத் துகள்கள் நிறை பெறும் வழியை விளக்கும் துகள் அது என்ற செய்தி அந்த ஆரவாரத்தில் காதில் விழவில்லை. கவர்ச்சியான பெயர் கதவைத் திறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வேறு அறையின் கதவைத் திறந்துவிட்டால் என்ன பயன்?

துகள்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபின் ஆடுதுறை வழியும் வந்து சேர்ந்தது. உலக நாடுகளின் இயற்பியலார் இணைந்த துகள் தரவுக் குழு 1986-இல் ஒரு பெயரிடும் முறையை வகுத்தது. குவார்க்குகளால் ஆன துகளுக்குத் தற்சுழற்சி முதலிய பண்புகளைக் கொண்டு ஓர் எழுத்து. அதனருகே அடைப்புக்குள் நிறை. 2003-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட ஒரு துகளின் இயல்பு விளங்கவில்லை. இயற்கணிதத்தில் தெரியாத எண்ணுக்கு வைப்பது போல ‘எக்ஸ் 3872’ என்றார்கள். தெரியாததைத் தெரியாதது என்றே சொல்லும் நேர்மையான பெயர் அது.

கணிப்பொறிக்கென்று ஒவ்வொரு துகளுக்கும் எண்ணும் தந்திருக்கிறார்கள். புரோட்டானின் எண் 2212. மேல் குவார்க்கின் எண் 2, கீழ் குவார்க்கின் எண் 1. ஆகவே முதல் மூன்று இலக்கங்களும் புரோட்டானுக்குள் இரு மேல் குவார்க்குகளும் ஒரு கீழ் குவார்க்கும் இருப்பதைச் சொல்கின்றன. கடைசி இலக்கம் தற்சுழற்சியைக் குறிக்கிறது. பெயரே துகளின் சாதகமாகிவிட்டது.

நம் மொழியில் இந்தச் சிக்கல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். அறிவியலைத் தமிழில் கற்பவர்களுக்குப் பெயரிடும் வேலை இரண்டாம் முறையும் நடக்கிறது. 1916-லேயே சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். 1981-இல் தஞ்சையில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. இந்த உழைப்பு இல்லையேல் இக்கட்டுரையையே எழுத முடியாது.

சில இடங்களில் தமிழ் நமக்கு நன்மை செய்திருக்கிறது. ‘ஆட்டம்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பிளக்க முடியாதது என்று பொருள். அதைப் பிளந்துவிட்ட பிறகும் ஐரோப்பியர் அப்படியே அழைக்கிறார்கள். நம்முடைய ‘அணு’ என்ற சொல்லுக்கு மிக நுண்ணியது என்பதே பொருள். அணுவைப் பிளந்தோம் என்றால் தமிழில் முரண்பாடு இல்லை.

சில இடங்களில் இடறவும் செய்கிறது. எலெக்ட்ரானை ஒரு காலத்தில் ‘மின்னணு’ என்று எழுதினார்கள். அது அணுவின் ஒரு வகை என்று மாணவர் எண்ண இடமிருந்தது. பின்னர் ‘எதிர்மின்னி’ என்ற சொல்லும் ‘எலெக்ட்ரான்’ என்ற ஒலிபெயர்ப்பும் வந்தன. இலங்கைத் தமிழர் ‘இலத்திரன்’ என்றார்கள். ஆனால் மின்னணு மறையவில்லை. மின்னணுவியல் என்றும், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்றும் வேறு வேலைக்குப் போய்விட்டது.

இவற்றைவிடப் பெரிய இடறல் ஒன்று எனக்கு வகுப்பறையில்தான் புரிந்தது. எதிர்த்துகள்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

“சார், எலெக்ட்ரானுக்கு எதிர்மின்னி என்று பெயர். அப்படியானால் அதுதானே எதிர்த்துகள்? பாசிட்ரானை ஏன் எதிர்த்துகள் என்கிறோம்?”

வகுப்பு சிரித்தது. அவர் முகம் வாடி உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. தவறு அவருடையது அன்று, பெயர்களுடையது. மின்னூட்டத்தின் குறி ஒன்று. துகளுக்கு இணையாக நிற்கும் மறுபிறவி மற்றொன்று. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு வேறு முன்னொட்டுகள் உண்டு. தமிழில் இரண்டையும் ‘எதிர்’ என்றே சொல்லிவிட்டோம். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எதிர் என்பதும் இயற்கையின் கட்டளை அன்று. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், எலெக்ட்ரானைப் பற்றி எவரும் அறியாத காலத்தில், ஒரு பக்கத்தை நேர் என்று வைத்ததன் விளைவு.

மறுநாள் கரும்பலகையில் ஒரு சிறு பட்டியல் எழுதினேன். எலெக்ட்ரான்: எதிர்மின், ஆனால் துகள். பாசிட்ரான்: நேர்மின், ஆனால் எதிர்த்துகள். 1955-இல் கண்டறியப்பட்ட எதிர்ப்புரோட்டான்: எதிர்மின், எதிர்த்துகள். 1956-இல் கண்டறியப்பட்ட எதிர்நியூட்ரான்: மின்னூட்டமே இல்லை, ஆயினும் எதிர்த்துகள். நான்கையும் படித்து முடித்தபோது முதல் நாள் சிரித்தவர்களுக்கும் அப்போதுதான் பாடம் விளங்கியது. அவர்களும் அதுவரை பெயரை மட்டுமே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

தமிழில் பெயர் வைத்ததால் வந்த வினை, ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். மீசானின் கதை அவர்களுக்கு விடை. கிரேக்கத்தில் பெயர் வைத்தும் உலகின் தலைசிறந்த அறிஞர்கள் பத்தாண்டு தடுமாறினார்கள். எந்த மொழியில் வைத்தாலும் பெயர் என்பது அன்றைய அறிவின் கையொப்பம்; நாளைய அறிவு அதைத் திருத்தும். நம் மொழியில் பெயர் வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. சொல்லின் பொருள் நமக்குத் தெரிவதால் அது எங்கே பொருந்தவில்லை என்பதும் தெரிகிறது. அந்த மாணவர் ‘நெகட்டிவ்’ என்றும் ‘ஆன்ட்டி’ என்றும் படித்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

விபா சௌதுரி 1991-இல் காலமானார். அவர் பெயரால் எந்தத் துகளும் வழங்கவில்லை. ஆனால் 2019-இல் உலக வானியல் ஒன்றியம், அதுவரை எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்டு வந்த ஒரு விண்மீனுக்கு ‘விபா’ என்று பெயர் சூட்டியது. தகடு கிடைக்காமல் நின்றுபோன ஓர் ஆராய்ச்சியை அந்தப் பெயர் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை நூலில் ஒரு துகளின் பெயரைக் காணும்போது அதை மனப்பாடம் செய்துகொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். யார் வைத்த பெயர், எந்த ஆண்டு, எந்தக் குணத்தை நம்பி வைத்தார்கள், அந்தக் குணம் இன்றும் அதனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பா என்று சொன்னவரிடம் “எத்தனை நாள் வயது?” என்று கேட்கும் நம் உழவர் இதையேதான் செய்கிறார்.